தொட்டறிதலும் எண்ணி அறிதலும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. மருத்துவர் தருவது ஒன்று. பட்டாசுத் தொழிற்சாலையில் கலப்பது மற்றொன்று. மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், மருந்து உலர்த்துதல் என்பன இம்மண்ணின் அன்றாட வழக்குகள். நோய் தீர்ப்பதற்கும் வெடித்துச் சிதறுவதற்கும் ஒரே பெயரைத் தமிழ் சூட்டியிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. இரண்டும் அளவில் அடங்கியவை. அளவு தவறினால் இரண்டும் உயிர் கொள்ளும்.

இவ்வூரின் வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்தில், 2022ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்துள்ளன. சங்கை எந்த இடத்தில் அறுத்தால் உடையாது, மண்ணை எவ்வளவு சுட்டால் வெடிக்காது என்பதை அன்றைய கைவினைஞர் கையால் கற்றனர். உடைந்த சங்கே அவர்களுக்கு ஆசிரியர். இன்றைய மருந்துத் தொழிலாளரும் பெரும்பாலும் கையால்தான் கற்கிறார். ஆனால் இங்கே பிழை நேர்ந்தால் உடைவது சங்கு மட்டும் அன்று.

தொட்டறிய முடியாத பொருளை அறிவதற்கு வேறு வழி உண்டா? உண்டு என்கிறது கணிப்பு வேதியியல் என்னும் துறை. பிறந்த நொடியிலேயே மறையும் மூலக்கூறுகளின் காந்தப் பண்பை, அவற்றைக் குடுவையில் காண்பதற்கு முன்னரே கணக்கிட்டுச் சொல்லும் அளவுக்கு அத்துறை வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியின் வரலாற்றில் இம்மாவட்டத்திற்கும் ஒரு பங்குண்டு. அதனை இவ்வவையின் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இணை சேராத எலக்ட்ரான்

அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களுக்குச் ‘சுழற்சி’ என்றொரு பண்பு உண்டு. பம்பரம் சுழல்வது போன்ற சுழற்சி அன்று அது. பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது. அப்பண்பால் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய காந்தமாக விளங்குகிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக, ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் இணை சேர்ந்து அமைகின்றன. அவ்வாறு சேர்ந்தபின் ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. நீரும் சர்க்கரையும் காந்தத்தின் பால் ஈர்க்கப்படாமைக்கு இதுவே காரணம்.

சில மூலக்கூறுகளில் ஓர் எலக்ட்ரான் இணையின்றித் தனித்து நிற்கும். வேதியியலார் இதனைத் தனி உறுப்பு என்பர். துணை தேடி அலையும் தன்மையால் அது எதனுடனும் விரைந்து வினைபுரியும். வேறு சில மூலக்கூறுகளில் இரண்டு, நான்கு, ஆறு எனப் பல எலக்ட்ரான்கள் இணையின்றி, ஆயினும் ஒரே திசை நோக்கி நிற்கும். இவையே உயர் சுழற்சி மூலக்கூறுகள். இவற்றின் காந்தத்தன்மை மிகுதி. வினைபுரியும் வேகமும் மிகுதி. காந்தத்துக்கு இவை வலியவை, வாழ்நாளுக்கு மெலியவை.

இவ்வகையில் அனைவரும் அறிந்த மூலக்கூறு ஒன்று உண்டு. அதுவே ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளி. அதன் பதினாறு எலக்ட்ரான்களுள் பதினான்கு ஏழு இணைகளாக அமைய, எஞ்சிய இரண்டு ஒரே திசையில் தனித்து நிற்கின்றன. இலண்டனில் 1891இல் ஜேம்ஸ் டுவார் குளிரூட்டித் திரவமாக்கிய ஆக்சிஜனைக் காந்தத்தின் அருகே கொணர்ந்தபோது, அது தாவிச் சென்று முனைகளில் ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது என்பதற்கு அன்று விளக்கம் இல்லை. பள்ளி மாணவர் இன்றும் வரையும் இரட்டைக் கோட்டுப் படம் எல்லா எலக்ட்ரான்களும் இணை சேர்ந்ததாகவே காட்டும். 1929இல் லென்னார்டு-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையின்படி கணக்கிட்டு, அந்த இரண்டு தனி எலக்ட்ரான்களை வெளிக்கொணர்ந்தார். கண் கண்ட நிகழ்ச்சிக்குக் கணக்கு உரை எழுதிய காலம் அது.

சிவகாசிப் பகுதி மக்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மரம், துணி, தாள், மனித உடல் யாவும் காற்றில் உள்ள ஆக்சிஜனால் எரியக்கூடியவை. எனினும் அவை தாமாகப் பற்றிக்கொள்வதில்லை. ஆக்சிஜனின் இரு எலக்ட்ரான்களும் ஒரே திசை நோக்கி நிற்க, மரத்தின் எலக்ட்ரான்கள் யாவும் இணை சேர்ந்து நிற்கின்றன. இவ்விரண்டும் எளிதில் கலக்கச் சுழற்சியின் விதி இடந்தருவதில்லை. வெப்பம் ஊட்டி, பிணைப்புகளை முறித்து, தனி உறுப்புகளைத் தோற்றுவித்த பின்னரே நெருப்பு தொடர்கிறது. தீக்குச்சி செய்வது அந்தத் தொடக்க வேலையே. உலகம் எரிந்து போகாமல் நிற்பதற்கும், தீக்குச்சி என்றொரு பொருள் தேவைப்படுவதற்கும் ஆக்சிஜனின் காந்த நிலை ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

வானில் விரியும் வண்ணங்களும் இக்கதையில் சேர்ந்தவையே. வாணவெடியின் செந்நிறத்தைத் தருவதில், ஓர் ஸ்ட்ரான்சியம் அணுவும் ஓர் குளோரின் அணுவும் சுடருக்குள் இணைந்து பிறக்கும் மூலக்கூற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. பேரியம் அவ்வாறே குளோரினுடன் இணைந்து பச்சை நிறம் தரும். இரண்டும் தனித்த ஓர் எலக்ட்ரானைத் தாங்கிய தனி உறுப்புகள். அவற்றைச் சிமிழில் அடைத்து வைக்க இயலாது. சுடரின் வெப்பத்தில் பிறந்து, ஒளி தந்து, சுடர் தணியும்போது மறையும். அண்ணாந்து பார்க்கும் குழந்தை கண்டு களிப்பது தனி உறுப்புகளின் ஒளியைத்தான்.

கல்கத்தாவுக்குச் சென்ற இரு வழிகள்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர் என்பது இம்மாவட்டத்தார் நன்கறிந்த வரலாறு. அதே காலப் பகுதியில் அதே நகருக்கு இப்பகுதியிலிருந்து சென்ற மற்றோர் இளைஞரை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை. அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர். திருவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். 1923இல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனுடன் ஆய்வில் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர் அவர்.

இராமன் விளைவோடு அவர் பெயரை முடித்துக்கொள்வது பெருங்குறை. அவருக்கே உரிய தனிக்களம் காந்தவியல். டாக்காப் பல்கலைக்கழகத்திலும், 1933 முதல் மீண்டும் கல்கத்தாவிலும், படிகங்களின் காந்தப் பண்பை அவர் அளந்தார். அவர் கையாண்ட முறை எளிமையானது. மிக மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெல்லத் திருகுவார். காந்தம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் திரும்ப மறுக்கும். திருகல் ஓர் எல்லையைக் கடந்ததும் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த எல்லைக் கோணத்தைக் கொண்டு, படிகத்தின் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் உள்ள காந்த வேறுபாட்டைக் கணக்கிடுவார். அதிலிருந்து, கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் உய்த்துணர்வார். 1933இல் குகா, பானர்ஜி ஆகியோருடன் அவர் வெளியிடத் தொடங்கிய கட்டுரைத் தொடர் உலக அறிஞரின் மதிப்பைப் பெற்றது. 1940இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1947இல் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

கிருஷ்ணனின் இழைக்கு ஓர் எல்லை உண்டு. தொங்கவிட ஒரு படிகம் வேண்டும். அது அளந்து முடியும்வரை கலையாமல் நிற்க வேண்டும். ஒரு நொடியும் தங்காத மூலக்கூற்றை எந்த இழையில் கட்டுவது? அந்த இடத்திலிருந்துதான் கணக்கின் பணி தொடங்குகிறது.

மெத்திலீன் வழக்கு

ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது மெத்திலீன். மூன்றே அணுக்கள் கொண்ட இச்சிறு மூலக்கூறு அறிவியல் உலகில் ஒரு பெருவழக்கையே நடத்தியது. இதில் இரண்டு எலக்ட்ரான்கள் இணையின்றி நிற்கின்றன. இதன் வடிவம் நேர்கோடா, வளைந்ததா என்பதே கேள்வி.

1960இல் ஃபாஸ்டர், பாய்ஸ் என்னும் இருவர் கணக்கிட்டு, அது வளைந்தது; கோணம் 129 பாகை என்றனர். மறு ஆண்டிலேயே கனடாவின் கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க், தாம் பதிவு செய்த நிறமாலையைக் கொண்டு, அது நேர்கோட்டு வடிவம் உடையது என்று அறிவித்தார். நிறமாலையியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. சோதனை கண்டதை விட்டுக் கணக்குச் சொன்னதை எவர் நம்புவார்? பத்தாண்டுக் காலம் நேர்கோடே நிலைத்தது.

1970இல் அமெரிக்காவின் பெண்டரும் ஷேஃபரும் அன்றைய கணிப்பொறியின் துணையுடன் மேலும் நுட்பமாகக் கணக்கிட்டு 135 பாகை என்றனர். ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு திருந்த வேண்டும் என்பதே அதன் பொருள். அதே ஆண்டில் இரு வேறு ஆய்வுக் குழுக்கள் மெத்திலீனைக் கடுங்குளிரில் உறையவைத்து, எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்னும் முறையால் அதன் காந்தப் பண்பை அளந்தன. இரு தனி எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்வளவு உணர்கின்றன என்பதைக் காட்டும் அவ்வளவு, நேர்கோட்டு வடிவத்துக்குப் பொருந்தவில்லை. ஏறத்தாழ 136 பாகை வளைவுக்கே பொருந்தியது. காந்தம் சான்று சொல்ல, வழக்கு முடிந்தது.

ஹெர்ஸ்பெர்க் செய்தது என்ன? தம் பழைய நிறமாலையை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். 1971இல், வளைவே சரி எனத் தம் முடிவைத் திருத்தி வெளியிட்டார். தனி உறுப்புகளின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டதும் அதே 1971இல்தான். பாட்டைச் சொன்னவர் யார் என்று பாராமல், சொல்லப்பட்டது எது என்று பார்த்த நக்கீரரின் நிலைப்பாட்டை மதுரைத் தமிழ் மரபு போற்றுகிறது. குற்றம் கண்டவரைப் போற்றும் மரபு, காட்டிய குற்றத்தை ஏற்றுத் திருந்தியவரையும் போற்றுதல் வேண்டும். திறனாய்வு வளர்வதற்கு இருவரும் தேவை.

வழக்கின் இரண்டாம் பகுதியும் சுவையானது. மெத்திலீனின் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்த நிலைக்கும் சேராத நிலைக்கும் இடைப்பட்ட ஆற்றல் வேறுபாடு எவ்வளவு? மோலுக்கு 19.5 கிலோகலோரி என்று 1976இல் ஒரு சோதனை கூறியது. ஏறத்தாழ பத்து என்பதே கணக்கர் தம் முடிவு. அவர்கள் அதில் உறுதியாக நின்றனர். 1984இல் அதே ஆய்வகத்தார் சோதனையை நுட்பமாக மீண்டும் செய்தபோது விடை ஒன்பதை ஒட்டி அமைந்தது. முந்தைய அளவீட்டில், முன்னரே அதிர்ந்துகொண்டிருந்த மூலக்கூறுகளின் சுவடுகள் கலந்து மயக்கியிருந்தன. கணிப்பு வேதியியல் சோதனைக்குப் பின்னால் நடந்த காலம் போய், சோதனையோடு தோள் இணைந்து நடக்கத் தொடங்கிய கதை இது.

அலகிடுதல்

இக்கணக்கு எப்படிப் போடப்படுகிறது? யாப்பறிந்த கவிஞர்க்கு இதன் முதற்படியை விளக்குவது எளிது. செய்யுளை நேர், நிரை எனப் பிரித்து அலகிடுவது போலவே இங்கும் ஓர் அலகிடுதல் உண்டு.

பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன்களோடு வெளியே இரண்டு கார்பன்கள் ஒட்டியிருப்பதாகக் கொள்க. ஒரு கார்பனுக்குப் புள்ளி இடுக. அதன் அடுத்த கார்பனை வெறுமையாக விடுக. அதற்கடுத்ததற்கு மீண்டும் புள்ளி. புள்ளி பெற்ற இரண்டு அடுத்தடுத்து வரலாகாது. வெளிக் கார்பன்கள் வளையத்தில் எதிரெதிராக அமைந்தால் புள்ளி பெற்றவை நான்கு, பெறாதவை நான்கு. வேறுபாடு இல்லை, எனவே எலக்ட்ரான்கள் யாவும் இணை சேரும், காந்தம் இல்லை. வெளிக் கார்பன்களுள் ஒன்றை ஓரிடம் நகர்த்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரே கார்பன் இடைவிட்டு அமைத்தால் புள்ளி பெற்றவை ஐந்து, பெறாதவை மூன்று. வேறுபாடு இரண்டு, எனவே இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் தனித்து நிற்கும், காந்தம் உண்டு. அதே எட்டுக் கார்பன்கள், இடம் மாறியதும் இயல்பு மாறிவிட்டது. சீர்களை இடம் மாற்றினால் ஓசை மாறும் என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

லாங்கெட்-ஹிக்கின்ஸ் 1950இல் தொடங்கிவைத்த இச்சிந்தனையை 1978இல் ஓவ்சின்னிகோவ் எளிய விதியாக்கித் தந்தார். 1967இல் ஜப்பானில் இட்டோவும் அமெரிக்காவில் வாசர்மன் குழுவினரும் நான்கு தனி எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூற்றைக் கண்டனர். பின்னர் ஜப்பானியர் எட்டுவரை சென்றனர். உலோகம் சிறிதும் சேராத கரிமப் பொருள் ஒன்று காந்தமாக முடியும் என்பது 1991இல் ஜப்பானில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அது முழுப்பூச்சியத்திற்கு மேல் 0.6 பாகைக்குக் கீழே மட்டுமே காந்தமாக இருந்தது. அறையின் வெப்பத்தில் நிற்கும் கரிமக் காந்தம் என்னும் கனவுக்கு இன்னும் நெடுவழி உண்டு. அவ்வழியில் எந்த மூலக்கூறு செய்யத்தக்கது, எது வீண் என்று முன்கூட்டிச் சொல்வதே கணக்கின் பயன்.

அலகிடுதல் பாட்டாகிவிடாது. புள்ளி எண்ணுவது காந்தம் உண்டா, இல்லையா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அளவு வேண்டுமாயின் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையைக் கணக்கில் கொள்ள வேண்டும். பத்து இடங்களில் பத்து எலக்ட்ரான்களை, ஐந்து மேல்நோக்கியும் ஐந்து கீழ்நோக்கியும் நிரப்பும் வகைகள் 63,504. இருபது இடங்களில் இருபது எலக்ட்ரான்கள் என்றால் அவ்வகைகள் 3,413 கோடியைத் தாண்டும். வேதியியலுக்கு வேண்டிய அடிப்படை விதிகள் கிடைத்துவிட்டன. அவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பதே அரிது என்னும் கருத்தை டிராக் 1929இலேயே எழுதினார். அந்த அருமையை எளிமையாக்கிய உழைப்புக்காகவே வால்டர் கோனுக்கும் ஜான் போப்பிலுக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்திய அறிஞரும் இத்துறையில் பின்தங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். இராமசேஷா, பெருகிச் செல்லும் இவ்வகைகளை அடக்கிக் கையாளும் முறைகளை வகுத்து, காந்த மூலக்கூறுகளை ஆராய்ந்தார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ். என். தத்தா குழுவினர், இரு தனி எலக்ட்ரான் கொண்ட கரிம மூலக்கூறுகளில் அவ்விரு சுழற்சிகளும் ஒன்றையொன்று எவ்வளவு வலிமையாகப் பற்றுகின்றன என்பதைக் கணக்கிட்டனர்.

இவற்றுள் நெஞ்சைத் தொடும் செய்தி கல்கத்தாவிலிருந்து வருகிறது. வத்திராயிருப்புக் கிருஷ்ணன் படிகத்தைத் தொங்கவிட்ட அதே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், 1990களின் இறுதியில் தேபாஷிஸ் முகர்ஜியும் அவர்தம் மாணவரும் ஒரு புதிய கொள்கையை வகுத்தனர். இணை சேர்ந்த நிலையிலுள்ள மெத்திலீனை ஒரே எலக்ட்ரான் அமைப்பால் விவரிக்க இயலாது. இரண்டு அமைப்புகள் ஒரே நேரத்தில் அதனுள் உறைகின்றன. காளமேகத்தின் சிலேடைப் பாட்டுக்கு ஒரு பொருளை மட்டும் சொல்லும் உரை குறையுரை ஆவது போல, ஒரே அமைப்பைக் கொண்டு போட்ட கணக்கு குறைக்கணக்கு ஆகிவிடும். இரு பொருளுக்கும் ஒத்த இடமளித்து உரை காணும் முறையை முகர்ஜி தந்தார். இணையும் இணையின்மையும் கலந்த மூலக்கூறுகளை ஆராய்வோர் இன்று உலகெங்கும் அதனைப் பயன்படுத்துகின்றனர். இழையால் அளந்த இடத்திலேயே எழுதுகோலால் அளக்கும் கருவியும் பிறந்தது.

எழுமை

இனி, இத்துறையின் கூர்முனைக்கு வருவோர் வெம்பக்கோட்டைக்கு மிக அருகில் வந்துவிடுவர். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்த தொகுதிக்கு அசைடு என்று பெயர். ஈய அசைடு வெடிகளைத் தூண்டும் பொருளாகப் பயன்படுவது. ஒரே வளையத்தில் மூன்று அசைடுத் தொகுதிகள் பொருந்திய கரிமச் சேர்மம் தட்டினாலும் உரசினாலும் வெடிக்கக்கூடும். அதனை மிகச் சிறிய அளவில், உறைந்த ஆர்கான் வளிமத்துக்குள் சிறைப்படுத்தி, புறஊதா ஒளி பாய்ச்சினால் ஒவ்வொரு தொகுதியும் இரண்டு நைட்ரஜன்களை இழக்கும். எஞ்சும் மூலக்கூற்றில் ஆறு எலக்ட்ரான்கள் ஒரே திசை நோக்கித் தனித்து நிற்கும்.

ஆறு தனி எலக்ட்ரான்கள் ஏழு காந்த நிலைகளைத் தரும். இதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம்? இரண்டு எலக்ட்ரான் நிலையை மும்மை என்றால் ஆறு எலக்ட்ரான் நிலையை எழுமை எனலாம். ஏழு பிறப்பைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் அது. பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளைத் தாங்க எழுந்து நிற்கும் அழகை இவ்வவை சுவைக்கும்.

உறைபனிச் சிறையில் அம்மூலக்கூற்றோடு ஐம்மை நிலையினதும் மும்மை நிலையினதும் கலந்தே கிடக்கும். ஒத்ததிர்வுப் பதிவில் எல்லாவற்றின் கோடுகளும் பின்னிக் கிடக்கும். எக்கோடு எதற்குரியது? இங்கேதான் முன்கணிப்பு ஏடு விரிக்கிறது. வெளிக்காந்தம் எதுவும் இல்லாத நிலையிலும் தனி எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணர்வதால் காந்த நிலைகள் சற்றே பிரிகின்றன. அப்பிளவின் அளவை ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் முன்னதாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, கணக்கோடு பொருந்தும் கோட்டை அதற்குரியதென இனங்காண்கின்றனர். கார்பன், நைட்ரஜன் போன்ற எளிய அணுக்கள் மட்டும் இருப்பின் எலக்ட்ரான்களின் நேரடிக் காந்த உறவே பெரும்பங்கு வகிக்கும். புரோமின் போன்ற கனத்த அணு சேர்ந்தால் எலக்ட்ரானின் ஓட்டமும் சுழற்சியும் பின்னிப் பிணையும் விளைவு மேலோங்கும். அதனைப் புறக்கணித்த கணக்கு பொய்க்கும். பொய்க்கும் இடம் எது என்று தெரிந்திருப்பதும் கணக்கறிவின் ஒரு பகுதியே.

இம்மண்ணுக்கு இதனால் என்ன?

இவ்வினா எழுவது இயல்பு. எழ வேண்டியதும் ஆகும். எழுமை நிலைக் கணக்கு நாளையே ஒரு பட்டாசுத் தொழிலாளரின் உயிரைக் காக்கும் என்று சொன்னால் அது மிகை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரம் மறக்கவில்லை. உராய்வும் வெப்பமும் அளவுக்கு மிஞ்சிய கையிருப்பும் நெருக்கடியும் கூடும் இடத்தில் கணிப்பொறி வந்து கைகொடுக்காது. அங்கே வேண்டியது விதியும் கண்காணிப்பும் உழைப்பாளர் உயிரின்பால் மதிப்பும்.

ஆயினும் கணக்கு கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது கலவையைக் கையில் எடுப்பதற்கு முற்பட்ட இடம். 2018 அக்டோபரில் பட்டாசுகளில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பச்சை நிறத்துக்கும் பிற பயன்களுக்கும் மாற்றுத் தேட வேண்டிய நிலை வந்தது. புதுக்கலவை ஒவ்வொன்றையும் யாரேனும் ஒருவர் முதன்முதலில் கலந்தே ஆகவேண்டும். அந்த முதற்கை யாருடையது? வெடிபொருள் ஆய்வில், ஒரு சேர்மத்தைச் செய்வதற்கு முன்பே அதன் உள்ளாற்றல் எவ்வளவு, எந்தப் பிணைப்பு முதலில் முறியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் இன்று உண்டு. மெத்திலீனின் கோணத்தை வளைத்துக் காட்டிய அதே கணக்குமுறையின் கிளைதான் அது. நூறு கலவைகளுள் தொண்ணூறு தாளிலேயே தள்ளப்பட்டால், தொண்ணூறு முறை ஒரு கை இடருக்கு உள்ளாகாது.

மெத்திலீன் என்னும் மூன்றணுப் பொருளுக்காக ஆய்வுலகம் கால் நூற்றாண்டு வாதாடியது. அதன் கோணம் ஏழு பாகை கூடினும் குறையினும் உலகில் யாரும் இறந்துவிடப் போவதில்லை. எனினும் தவறு தவறாகவே நிற்கக் கூடாது என்று உழைத்தனர். மூலக்கூற்றுக்குக் காட்டிய அந்த நுட்பக் கவனம் மருந்து கலக்கும் மனிதருக்கும் உரியது என்று கேட்பதற்கு இம்மண்ணுக்கு முழு உரிமை உண்டு.

முடிவுரை

இந்நிலையில் தமிழ்க் கவிஞர்க்கும் ஆசிரியர்க்கும் செய்யக் கிடக்கும் பணிகள் இரண்டு.

முதலாவது, சொற்பணி. ஒற்றை, மும்மை, ஐம்மை, எழுமை எனச் சுழற்சி நிலைகளுக்குத் தமிழ் எளிதாகப் பெயர் தருகிறது. ஆர்பிட்டால், அசைடு, ஆர்கான் போன்றவற்றை ஒலிபெயர்த்து ஏற்றுக்கொள்வதிலும் இழிவில்லை. பொருள் விளங்கத் தொடர் அமைவதே முதன்மை. கணிப்பு வேதியியலைத் தமிழில் எழுத முடியாது என்பார்க்கு விடை வாதத்தால் கிடைக்காது. எழுதிக் காட்டினால் கிடைக்கும். வத்திராயிருப்புக் கிருஷ்ணனின் இழை முறையை இம்மாவட்டத்துப் பள்ளி மாணவர் தம் தாய்மொழியில் படித்தறிய ஒரு சிறுநூல் வேண்டும். அதனைத் தன் பதினோராம் ஆண்டுப் பணியாக இவ்வட்டம் மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, நினைவுப் பணி. வாணவெடியைப் பாடும் கவிஞர் அதன் ஒளியைப் பாடுவர். அவ்வொளி தனித்து நின்ற ஓர் எலக்ட்ரானின் ஒளி என்பதையும் இனிப் பாடலாம். அதனோடு, அந்த மருந்தை விடியற்காலையில் கலந்து வைத்த கையையும் பாட வேண்டும். அப்பாட்டில் இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. அக்கை தொடுவதற்கு முன் அறிய வேண்டியவை அறியப்பட்டனவா என்னும் கேள்வியும் அதில் இருத்தல் வேண்டும்.